கார் பெயிண்டைக் காக்க ஃபிலிமா, கோட்டிங்கா? குமரி மாவட்டத்துக் கார் உரிமையாளர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

புதிய கார் எடுப்பவரிடம் இன்று தவறாமல் கேட்கப்படும் கேள்விகள் இரண்டு: செராமிக் கோட்டிங் என்னும் திரவப் பூச்சு போட வேண்டுமா, பிபிஎஃப் என்னும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்ட வேண்டுமா. முதலாவது சில ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது; இரண்டாவது, முழு வண்டிக்கும் என்றால், லட்சத்தைத் தொட்டுவிடுகிறது, பல வேளைகளில் தாண்டியும் போகிறது. இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்றும், ஒன்று மலிவான வகை, மற்றது உயர்ந்த வகை என்றும் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இரண்டும் வெவ்வேறு சேதங்களைத் தடுக்க உருவானவை. எது வேண்டும் என்பதை வண்டியின் விலையைக் காட்டிலும், அது இரவில் எங்கே நிற்கிறது, பகலில் எந்தச் சாலையில் ஓடுகிறது என்பதே முடிவு செய்கிறது. கடற்காற்று சுழலும் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கான விடை, கோயம்புத்தூரிலோ மதுரையிலோ சொல்லப்படும் விடையிலிருந்து சற்று மாறுபடும்.

பெயிண்டின் அடுக்குகள்

காரின் மேல் நாம் காணும் நிறம் ஒரே பூச்சால் ஆனதன்று. தொழிற்சாலையில் இரும்புத் தகட்டால் ஆன உடல் முதலில் பாஸ்பேட் கரைசலில் பக்குவப்படுத்தப்பட்டு, பின்னர் பெயிண்ட் நிரம்பிய பெரிய தொட்டிக்குள் முழுவதுமாக முக்கப்படுகிறது. அப்போது மின்சாரம் பாய்ச்சுவதால் பெயிண்ட் துகள்கள் தகட்டின் உட்புறம், வெளிப்புறம், இணைப்புகள் என்று எட்டும் இடமெல்லாம் சென்று படிகின்றன. சுமார் 20 மைக்ரான் தடிமனே உள்ள இந்த அடிப்பூச்சுதான் துருவுக்கு எதிரான முதன்மைக் காவல். அதன்மேல் பிரைமர், பிரைமரின் மேல் ஏறத்தாழ 15 மைக்ரான் அளவில் நிறம், நிறத்தின் மேல் 40 மைக்ரானை ஒட்டிய தடிமனில் நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் அமைகின்றன. எல்லாவற்றையும் கூட்டினாலும் பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரானுக்குள் அடங்கிவிடும். ஒரு மில்லிமீட்டர் என்பது 1000 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆக, காரின் மொத்தப் பெயிண்டும் இரண்டு முடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த உயரம்தான்.

இவற்றில் கிளியர் கோட் நாம் கவனிக்க வேண்டிய அடுக்கு. பளபளப்பைத் தருவதும், வெயிலின் புற ஊதாக் கதிர்களை வடிகட்டி நிறம் வெளுக்காமல் பார்த்துக்கொள்வதும் அதன் வேலை. கீறல் விழுந்த காரை மெஷின் போட்டுப் பாலிஷ் செய்யும்போது, கீறல் நிரப்பப்படுவதில்லை; கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டும் சில மைக்ரான் தேய்த்து எடுக்கப்படுகிறது. அதாவது கிளியர் கோட் என்பது குறையக்கூடிய, ஆனால் கூட்ட முடியாத கையிருப்பு. ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்பு பாலிஷ் போடும் பழக்கம் உள்ளவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்ப்பது நல்லது.

குமரியில் பெயிண்டைத் தாக்குபவை

மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய காரின் பானெட் முன்விளிம்பை வெயிலில் குனிந்து பார்த்தால், கடுகளவிலும் அதைவிடச் சிறிதாகவும் புள்ளிகள் தெரியும். முன்னால் செல்லும் வண்டியின் சக்கரம் எற்றிவிட்ட சிறு கற்கள் பட்ட தடங்கள் அவை. வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ உள்ள புள்ளியில் கல் பிரைமர் வரைதான் சென்றிருக்கிறது. அங்கே அவசரம் இல்லை. நடுவில் பழுப்புப் பொட்டும் அதைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையமும் தெரிந்தால், கல் தகடு வரை சென்றுவிட்டது, துரு தொடங்கிவிட்டது என்று பொருள். விரலால் தடவும்போது அந்த வளையத்தின் ஓரம் லேசாக உப்பியிருப்பதை உணரலாம். பெயிண்டுக்கு அடியில் துரு பக்கவாட்டில் நகர்ந்து கொண்டிருக்கிறது.

ஆரல்வாய்மொழியிலிருந்து நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை கேரளத்துக்குக் கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகளின் பின்னால் ஓட்டுபவர்களுக்கு இந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே புள்ளி உள்நாட்டு ஊரொன்றில் ஆண்டுக்கணக்கில் வெறும் புள்ளியாகவே கிடக்கலாம். இங்கே அப்படி விடாதது உப்பு.

கடல் அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகின்றன. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரைந்து நீர்ப்படலமாகிவிடும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதற்கும் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். குளச்சலிலோ முட்டத்திலோ கன்னியாகுமரியிலோ மழையே பெய்யாத இரவிலும் காலையில் கார் பிசுபிசுப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இந்த உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், தகட்டில் துரு பிடிக்கும் வேதிவினை பல மடங்கு விரைவாகிறது. ஆனால் உப்பால் கிளியர் கோட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக முடியாது. கல் திறந்துவிட்ட வாசல் வழியாகத்தான் அது நுழைகிறது. குமரியில் பெயிண்ட் பாதுகாப்பு பற்றிச் சிந்திக்கும்போது முதலில் அடைக்க வேண்டியது அந்த வாசலைத்தான்.

கடலிலிருந்து விலக விலகக் காற்றில் உள்ள உப்பு விரைவாகக் குறைகிறது. முதல் சில நூறு மீட்டர்களிலேயே பெரும்பகுதி படிந்துவிடும். ஆகவே மணக்குடியில் வீட்டு முற்றத்தில் நிற்கும் காருக்கும் குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்து ஓரம் நிற்கும் காருக்கும் ஒரே சிகிச்சையைச் சொல்வது பொருந்தாது. மலையோரத்து வண்டிக்கு மர நிழல்தான் தொல்லை. மாம்பூக் காலத்தில் தத்துப்பூச்சிகள் சுரக்கும் தேன் போன்ற கசிவு கண்ணாடி, பானெட் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு, தூசியைப் பிடித்து, கருத்துப் போகும். பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் சூடாகி இளகி நிற்கும் கிளியர் கோட்டின் மேல் எச்சம் காய்ந்து இறுகும்போது அந்த வடிவிலேயே பள்ளம் விழுந்துவிடுகிறது.

வாக்ஸ், சீலண்ட், டெஃப்லான்

பழைய முறையான வாக்ஸ், பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கப்படும் கார்னோபா மெழுகைச் சேர்த்துச் செய்யப்படுவது. அழகான ஆழ்ந்த பளபளப்பைத் தரும், நம் வெயிலிலும் மழையிலும் சில வாரங்களில் போய்விடும். செயற்கைப் பாலிமரால் ஆன சீலண்ட் சில மாதங்கள் தாங்கும். டெஃப்லான் கோட்டிங் என்ற பெயரில் விற்கப்படுவதைப் பற்றி ஒரு சொல்: வாணலியில் உள்ள டெஃப்லான் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி இறுகச் செய்யப்பட்டது. காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. எனவே கையால் தேய்த்துப் பூசும் எதுவும், பெயர் எதுவானாலும், சீலண்ட் வகையைச் சேர்ந்ததாகத்தான் நடந்துகொள்ளும். அதற்கேற்ற விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

செராமிக் கோட்டிங் என்ன செய்யும்

செராமிக் கோட்டிங் என்பது சிறு குப்பியில் வரும் திரவம். அதன் அடிப்படை சிலிக்கான் சேர்மங்கள். பஞ்சில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பூசும்போது கரைப்பான் ஆவியாகி, எஞ்சிய மூலக்கூறுகள் காற்றில் உள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து, கிளியர் கோட்டின் மேல் கண்ணாடி போன்ற கெட்டியான படலமாகின்றன. படலத்தின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானை ஒட்டியே இருக்கும். நன்றாகப் பூசப்பட்டால் ஓராண்டிலிருந்து சில ஆண்டுகள் வரை நிற்கும். வாக்ஸைப் போலச் சாதாரண ஷாம்பூவில் கழன்று போகாது.

அதன் பயன் மெய்யானது. மேற்பரப்பு தண்ணீரை ஒட்டவிடாததால் சேறும் உப்பும் எளிதில் கழுவிப் போகின்றன. எச்சமும் மரப்பாலும் கிளியர் கோட்டை நேரடியாகத் தொடுவதற்கு முன் சிறிது அவகாசம் கிடைக்கிறது. நிறம் ஆழமாகத் தெரிகிறது. ஆனால் ஒரு மைக்ரான் தடிமன் கல்லைத் தடுக்காது. சுண்ணாம்பு அடித்த மதில்மேல் கல்லெறிந்தால் அடியைத் தாங்குவது மதிலே தவிரச் சுண்ணாம்பு அன்று. இங்கும் அதே கதைதான்.

விற்பனையில் அடிக்கடி கேட்கும் சொல் '9எச் கடினம்'. இது கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் அன்று. குறிப்பிட்ட எடையுடன் பென்சில்களைப் பூச்சின் மேல் அழுத்தி நகர்த்தி, எந்தப் பென்சில் கீறுகிறது என்று பார்க்கும் சோதனையில் 9எச் என்பது மிகக் கடினமான பென்சில். அந்தப் பென்சில் கீறவில்லை என்பதே அதன் பொருள். மோஸ் அளவில் சாதாரண மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலும் செம்மணலுமாகக் கிடப்பவற்றில் இல்மனைட், கார்னெட், சிர்கான், மோனசைட் எல்லாம் உண்டு. ஐஆர்இஎல் நிறுவனம் பிரித்தெடுப்பது இவற்றைத்தான். இவற்றுள் சிர்கான் 7.5, கார்னெட்டும் குவார்ட்ஸை ஒட்டிய கடினம் உடையது. ஆடிக் காற்றில் வந்து படிந்த இந்த மணலோடு சேர்த்துக் காலையில் உலர்ந்த துணியால் பானெட்டைத் துடைத்தால், 9எச் என்று முத்திரை குத்திய கோட்டிங்கும் கீறத்தான் செய்யும்.

தண்ணீர் முத்து முத்தாக உருள்வதைக் காட்டும் காணொளிகளைப் பார்த்து மயங்குபவர்களுக்கு இன்னொரு செய்தி. உருண்டு ஓடாமல் தங்கிவிட்ட முத்து வெயிலில் காய்ந்தால், அதிலிருந்த சுண்ணாம்பும் மக்னீசியமும் உப்பும் ஒரே வட்டத்தில் குவிந்து வெள்ளைத் தழும்பாகிவிடும். போர் தண்ணீரில் கழுவி அப்படியே வெயிலில் விடப்பட்ட கோட்டிங் போட்ட கார், கோட்டிங் இல்லாத காரைவிட அசிங்கமாகத் தெரிவது உண்டு. கோட்டிங் போட்ட பிறகு துடைத்து உலர்த்தும் வேலை குறையாது என்பதைக் கடைக்காரர்கள் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை.

பூசுவதற்கு முன் செய்யும் ஆயத்தம்தான் வேலையில் பாதிக்கு மேல். கழுவி, இரும்புத் துகளைக் கரைக்கும் திரவம் தெளித்து, களிமண் போன்ற கிளே பாரால் தேய்த்து அழுக்கை எடுத்து, மெல்லிய கீறல்களைப் பாலிஷ் செய்து, எண்ணெய்ப் பசையை முற்றாகத் துடைத்த பின்பே குப்பியைத் திறக்க வேண்டும். இல்லையேல் கீறலும் கறையும் கோட்டிங்கின் அடியில் ஆண்டுக்கணக்கில் பூட்டப்பட்டுவிடும். குமரியில் இரண்டு பருவமழையும் பெய்வதால் காற்றில் ஈரம் மிகுந்த நாட்கள் அதிகம். அத்தகைய நாளில் கோட்டிங் நினைத்ததைவிட விரைவாக இறுகி, துடைத்தெடுக்கும் முன்பே திட்டுத் திட்டாகத் தங்கிவிடும். கதவடைத்த, ஈரத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய அறை உள்ள கடையைத் தேர்ந்தெடுப்பது இங்கே ஆடம்பரம் ஆகாது. பூசிய முதல் நாள் முழுவதும் வண்டி நனையக் கூடாது. முதல் வாரம் ஷாம்பூ போட்டுக் கழுவக் கூடாது.

பிபிஎஃப் என்ன செய்யும்

பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம் என்பதன் சுருக்கமே பிபிஎஃப். ஹெலிகாப்டர் இறக்கைகளின் முன்விளிம்பை மணலும் மழையும் அரித்துவிடாமல் இருக்க ஒட்டப்படும் பாலியூரித்தேன் நாடா இதன் உறவு. கார்களுக்கானது தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேன், சுருக்கமாக டிபியு, என்னும் நெகிழும் பொருளால் ஆனது. தடிமன் பொதுவாக 150 முதல் 200 மைக்ரான். காரின் மொத்தப் பெயிண்டைவிட இது தடிமனானது என்பதைக் கவனிக்க வேண்டும். கல் வந்து மோதும்போது ஃபிலிம் அமுங்கி, அடியின் வேகத்தைப் பரப்பி வாங்கிக்கொள்கிறது, பெயிண்ட் தப்புகிறது. தரமான ஃபிலிமின் மேற்பூச்சு வெயிலிலோ வெந்நீரிலோ இளகும்போது மெல்லிய கீறல்கள் தாமாக மூடிக்கொள்ளும். ஆனால் சாவியால் ஆழமாகக் கிழித்தால் மூடாது.

ஒட்டும் முறையைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: பானெட் முழுவதும் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஃபிலிமின் பின்தாளை உரித்து மிதக்கவிட்டு, சரியான இடத்துக்கு நகர்த்தி, ரப்பர் தகட்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். ஒட்டிய சில நாட்களுக்குத் தெரியும் சிறு நீர்க்குமிழிகள் தாமாக மறையும். தூசி அகப்பட்டு உண்டான புடைப்பு மறையாது. கணினியில் வடிவம் போட்டு முன்கூட்டியே வெட்டிக் கொண்டுவரும் ஃபிலிமும் உண்டு, வண்டியின் மேலேயே விரித்துப் பிளேடால் ஓரத்தை வெட்டும் முறையும் உண்டு. இரண்டாவது முறையில் கை சற்றே அழுந்தினாலும் பிளேடு கிளியர் கோட்டைத் தாண்டி இறங்கும். கடலோர ஊரில் அந்த மயிரிழைக் கோடு துருவுக்கு இன்னொரு வாசல். வாசலை அடைக்கக் காசு கொடுத்து வாசலைத் திறந்துகொள்வதற்கு இணை இது.

விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் பொருள் டிபியுதானா என்று கேட்க வேண்டும். பிவிசி அடிப்படையிலான ஃபிலிம்களும், டிபிஎச் என்ற பெயரில் வரும் கலப்பு வகைகளும் பிபிஎஃப் என்றே விற்கப்படுகின்றன. ஒட்டிய அன்று வித்தியாசம் தெரியாது. வெயிலில் மஞ்சளடித்து, விறைத்து, உரிக்கும்போது துண்டு துண்டாகக் கையோடு வரும் நாளில்தான் தெரியும். சுருளின் பெட்டி, அதன் எண், அந்த எண்ணோடு பதிவு செய்யப்பட்ட வாரண்டி ஆகியவற்றைக் கேட்டுப் பார்க்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

எங்கே ஒட்டுவது

முழு வண்டிக்கும் பிபிஎஃப் ஒட்ட இயல்பவர்கள் ஒட்டட்டும். மற்றவர்களுக்கு என் கருத்து இது: கல் படும் இடத்துக்கு ஃபிலிம், எஞ்சியதற்குக் கோட்டிங்கோ நல்ல சீலண்டோ போதும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கடைகளில் முதலில் காட்டுவது பம்பர்தான். பெரும்பாலான கார்களில் பம்பர் பிளாஸ்டிக், அது துருப்பிடிக்காது. அங்கே விழும் கல்தடம் அழகைக் கெடுக்கும், அவ்வளவே. கவலைப்பட வேண்டியது தகடு உள்ள இடங்களைப் பற்றி: பானெட்டின் முன்பகுதி, முன்கண்ணாடிக்கு இருபுறமும் மேலும் உள்ள சட்டம், முன்சக்கரத்துக்குப் பின்னால் கதவின் கீழே ஓடும் நீள்பகுதி, பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள வளைவு. பணம் குறைவாக இருந்தால் பம்பரை விட்டுவிட்டு இவற்றுக்குச் செலவிடலாம். நம் வண்டியின் சக்கரமே எற்றும் கல்லில் பெரும்பகுதியைச் சில நூறு ரூபாய் மட்ஃபிளாப்பே தடுத்துவிடும் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தோற்றம் கெடுகிறது என்று அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பிபிஎஃப்புக்கு விலை விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஏற்கெனவே விழுந்த கல்தடங்களை ஃபிலிமுக்கு முன்பே சரிசெய்ய வேண்டும். வண்டியின் நிற எண்ணைக் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள ஸ்டிக்கரில் பார்த்து, அதே நிற டச்சப் பெயிண்ட் வாங்கி, துருவைச் சுரண்டி, நன்னீரால் கழுவி உலர்த்திப் புள்ளியை மூடலாம். உப்பும் ஈரமும் உள்ளே இருக்க மேலே ஃபிலிம் ஒட்டினால், துரு அடியில் தன் வேலையைத் தொடரும்.

இரண்டும் தொடாத இடம்

கடலோரத்துக் கார்களில் பெரிய துரு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பெயிண்டில் தொடங்குவதில்லை. கதவின் அடிமடிப்பு, டிக்கியின் விளிம்பு, அடித்தட்டு, சக்கரக் குழியின் உள்பக்கம் என்று ஈரமும் சேறும் தங்கும் இடங்களில் உள்ளிருந்து கிளம்புகிறது. கோட்டிங்கும் ஃபிலிமும் அங்கே போவதே இல்லை. கதவின் அடியில் உள்ள சிறு வடிகால் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது, வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது அடிப்பகுதியையும் நன்னீரால் கழுவச் சொல்வது, தேவையெனில் அடித்தட்டுக்குத் தனியாகத் துருத்தடுப்புப் பூச்சு அடிப்பது ஆகியவை தனி வேலைகள். கடற்கரை மணலில் காரை இறக்கியிருந்தால் அன்றே அடிப்பகுதியைக் கழுவிவிட வேண்டும்.

மேற்பகுதியைக் கழுவுவதில் முதன்மையான விதி, துடைப்பதற்கு முன் தண்ணீரால் மணலை ஓடவிடுவது. ஒரு வாளியில் ஷாம்பூ நீர், மற்றொன்றில் துணியை அலச வெறும் நீர் என்று இரண்டு வாளி வைத்துக்கொண்டால், எடுத்த மணல் மறுபடியும் பெயிண்டுக்குப் போகாது. துணி துவைக்கும் தூளும் பாத்திரம் கழுவும் சோப்பும் வேண்டாம். காருக்கான மிதமான ஷாம்பூ போதும். நிழலில் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து உலர்த்த வேண்டும். ஃபிலிம் ஒட்டியிருந்தால் அழுத்தக் குழாயின் முனையை அதன் ஓரத்துக்கு நேராகவும் நெருக்கமாகவும் பிடிக்கக் கூடாது. ஓரம் கிளம்பினால் உப்பும் தூசியும் கருங்கோடாக அங்கே குடியேறும்.

கடைசியாக, ஃபிலிமை உரிப்பது பற்றி. வாரண்டிக் காலம் முடிந்த பிறகும் விட்டுவைத்தால் பசை முற்றி, உரிக்கக் கடினமாகும். சூடேற்றி, தாழ்ந்த கோணத்தில், மெதுவாக இழுக்க வேண்டும். தொழிற்சாலைப் பெயிண்ட் இதைத் தாங்கும். விபத்துக்குப் பின் பட்டி வைத்து மறுபெயிண்ட் அடித்த பாகத்தில் பெயிண்ட் ஃபிலிமோடு சேர்ந்து வந்துவிட வாய்ப்பு உண்டு. ஆகவே பழைய கார் வாங்கியவர்கள், ஒட்டக் கொடுக்கும் முன்பே பெயிண்டின் தடிமனை அளக்கும் சிறு கருவியை ஒவ்வொரு பாகத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்; ஓரிடத்தில் 120, பக்கத்துக் கதவில் 300 என்று காட்டினால் அந்தக் கதவு மறுபெயிண்ட் கண்டது. புதிதாகப் பெயிண்ட் அடித்த பாகத்தில் கரைப்பான் முழுதாக வெளியேறக் குறைந்தது ஒரு மாதம் விட்டே ஃபிலிம் ஒட்ட வேண்டும். மழைக்காலம் என்றால் அந்த இடைவெளியைப் பெயிண்ட் அடித்தவரிடம் கேட்டு இன்னும் நீட்டிக்கொள்ளலாம்.